அந்த டிரம் காலி இல்லை

போன மாதம் மறுபடியும் ஒரு டிரம். பாதியாக வெட்டிக் குப்பைத்தொட்டி ஆக்கலாம் என்று ஒரு பட்டறையில் கேஸ் கட்டரை வைத்திருக்கிறார்கள். மேல்தகடு பிய்ந்து கூரையில் அடித்து விழுந்தது. வெட்டியவருக்கு முகத்திலும் இரண்டு கைகளிலும் தீக்காயம். உயிர் பிழைத்துவிட்டார். தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலைக்கு நான் வந்து 18 வருடம் ஆகிறது. நேரில் போய்ப் பார்த்த டிரம் விபத்துகளில் இது 7வது. ஏழு இடத்திலும் முதலில் காதில் விழுந்தது இதுதான்: "காலி டிரம்தானே சார்!"

விபத்து அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்திருந்தார்கள். இதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மனிதர் கவனமாகத்தான் இருந்தார். வெட்டத் தொடங்கும் முன் பக்கத்தில் நின்ற மூன்று நிறை டிரம்களைத் தானே உருட்டிப் போய் ஷெட்டின் மறுகோடியில் வைத்திருக்கிறார். மணல் வாளி எடுத்து வைத்திருக்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார், அதனால்தான் கண் தப்பியது. அவருடைய கவனம் முழுவதையும் அந்த நிறை டிரம்கள் பக்கம் திருப்பிவிட்டது எது தெரியுமா? இந்த டிரம்மின் வயிற்றில் சாக்பீஸால் யாரோ எழுதிப்போன 'காலி'.

கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. 'இனி கவனமாக இருக்கவும்' என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், சாக்பீஸ் எழுத்து அப்படியே இருக்கும். 'காலி என்று எழுதியிருந்ததால்' என்று எழுதிப் பாருங்கள். யார் எழுதியது, ஏன் அப்படி எழுதுகிறோம், வேறென்ன எழுதலாம் என்று கேள்வி தானாக வரும்.

பெயின்ட் கரைக்கும் தின்னர் நிறைந்த டிரம்மில் ஆவி நிற்க இடமே கொஞ்சம்தான். ஊற்றி முடித்த டிரம்மில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பெட்ரோல் என்றால் காற்றில் ஆவி சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் பொறி பட்டதும் பிடிக்கும். 200 லிட்டர் டிரம்முக்கு அடியில் ஒரு குழம்புக் கரண்டி தங்கினால் போதும்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராக இருந்தவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலில் பெயர் பெற்றவர், 1941இல் இறந்தார். தீ விபத்து அறிக்கைகளை அலசிய அனுபவத்தில் அவர் இதையேதான் எழுதினார். பெட்ரோல் டிரம் அடுக்கியிருக்கும் இடத்தில் பயந்து நடப்பவர்கள், 'காலி' டிரம் அடுக்கியிருக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள், அணைக்காத சிகரெட் துண்டை அங்கேயே வீசுகிறார்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948, 37ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தீப்பிடிக்கும் பொருள் இருக்கிற, அல்லது முன்பு இருந்த, எந்தக் கலனையும் அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல், அல்லது தீப்பிடிக்காதபடி ஆக்காமல், வெல்டிங்கோ கட்டிங்கோ செய்யக் கூடாது என்றது. காலியா இல்லையா என்று சட்டம் கேட்கவே இல்லை. முன்பு என்ன இருந்தது என்றுதான் கேட்டது.

அதனால் 'காலி' என்று எழுதாதீர்கள். 'தின்னர் இருந்தது, கழுவவில்லை' என்று எழுதுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு கலக்குக் கலக்குவது கழுவுவது ஆகாது. முறையாகச் சுத்தம் செய்து, ஆவி மிச்சம் இருக்கிறதா என்று கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்து, பெர்மிட் (நெருப்பு வேலைக்கு எழுத்தில் அனுமதி) போட்ட பிறகுதான் நெருப்பு. அந்த வசதி இல்லையா? வெட்டவே வேண்டாம். சப்ளையரிடமே திருப்பிக் கொடுங்கள். 'ரெண்டு நிமிஷ வேலை சார், இதுக்கெல்லாம் பெர்மிட்டா?' என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு சொல்லும் என்னைத் தூங்கவிடுவதில்லை: 'பண்ணியாச்சு'. கன்வேயரைக் கழற்றப் போகிறார்கள். "கரண்ட் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டேன். ஃபிட்டர் பண்ணியாச்சு என்றார், ஹெல்பர் பண்ணியாச்சு என்றார், சூப்பர்வைசரும் அதையே சொன்னார். பேனலுக்குப் போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது! ஒருவரும் பொய் சொல்லவில்லை. இன்னொருவர் பண்ணியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். செய்தவர் யார் என்று சொல்லாமலே முழு வாக்கியம் பேச நம் மொழியில் வசதி இருக்கிறது. வீட்டில் அது பாதகமில்லை, பேனல் முன்னால் ஆகாது. "நான் ஆஃப் பண்ணேன், லாக் போட்டேன், சாவி என் பாக்கெட்ல" என்று ஒருவர் சொல்லும்வரை யாரும் கை வைக்கக் கூடாது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். தெளிவில்லாத ரேடியோ பேச்சும் அதற்கு ஒரு காரணம். அதற்குப் பிறகு, ஓடுபாதையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் 'டேக் ஆஃப்' என்று சொல்வது, மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்பது என்று விமானத் துறை வழக்கத்தையே மாற்றியது. ஒரு சாக்பீஸ் எழுத்தை மாற்ற நமக்கு என்ன தடை?

போன வாரம் அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போனேன். டிரம்களில் எழுதுகிற பையனைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். "எதுக்கு சார் இவ்ளோ பெருசா? காலின்னு போட்டா போதாதா?" என்றான். ஒரு டிரம்மின் மூடியைத் திருகச் சொன்னேன். ஓரடி தள்ளி நிற்கும்போதே வாடை முகத்தில் அடித்தது. பின்னால் நகர்ந்தான்.

"உள்ள என்னமோ இருக்கு சார்."

"அப்ப அதை எழுதுப்பா" என்று சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன்.