முதல் வைஃபை போர்டு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும் என்று விரும்பும் புதுச்சேரி வீட்டுக்காரர்கள், கரும்பு வயலின் ஈரப்பதத்தை வீட்டிலிருந்தே பார்க்க நினைக்கும் நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள், இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்யும் மாணவர்கள் எனப் பலரும் தங்கள் வைஃபை போர்டு, அதாவது சென்சார் அளவுகளை வைஃபை வழியே அனுப்பும் சிறிய மின்னணுப் பலகை, வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் போர்டில் பழுது ஏதும் இருப்பதில்லை. எதனோடு இணைக்கப் போகிறோம், எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியிருப்பார்கள்.

இஎஸ்பி-01 என்ற சிறிய மாட்யூல் இதற்கு நல்ல உதாரணம். இஎஸ்பி8266 சிப்போடு 2014-இல் பரவலான இதன் விலை மிகக் குறைவு. ஆனால் இதில் யுஎஸ்பி இணைப்பும் இல்லை, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டரும் இல்லை. அவற்றைத் தனியே வாங்கிச் சேர்ப்பதற்குள், அதே சிப்போடு இவ்விரண்டும் உள்ளடங்கிய நோட்எம்சியு போர்டின் விலையைத் தொட்டுவிடுவோம். ஒரே ஒரு வெப்பநிலை சென்சாரும் ஒரு ரிலேவும் (போர்டின் சிறு சமிக்ஞையால் வேறொரு மின்சுற்றை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) போதும் என்பவருக்கு நோட்எம்சியு தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஆசை உள்ளவர் சற்றுக் கூடுதலாகச் செலவழித்து இஎஸ்பி32 டெவ்கிட் வாங்குவதே நல்லது என்பேன். 2016-இல் வந்த இந்தச் சிப்பில் இரண்டு கோர்கள், 520 கேபி ரேம், புளூடூத் ஆகியவை உண்டு, அனலாக் பின்களும் (ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளக்கும் இணைப்புக் கால்கள்) பல உண்டு. இஎஸ்பி8266-இல் அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான்.

பின்கள் பல இருப்பதாலேயே ஒரு குழப்பமும் வருகிறது. மண் ஈரப்பத சென்சாரை ஜிபிஐஓ (போர்டின் பொது உள்ளீடு, வெளியீட்டுப் பின்) 4 அல்லது 25 போன்ற பின்னில் இணைத்துச் சோதித்தால் அளவு சரியாக வரும்; வைஃபையை இயக்கியதும் அளவீடு நின்றுவிடும். இஎஸ்பி32-இன் இரண்டாவது ஏடிசி பகுதியை (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) வைஃபையும் பயன்படுத்திக்கொள்வதே காரணம் என்பதால், அனலாக் சென்சாரை 32 முதல் 39 வரையிலான பின்களில் இணைக்க வேண்டும்.

இஎஸ்பி8266, இஎஸ்பி32 ஆகிய இரண்டு சிப்களும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. தொட்டி மட்டம் அளக்க எல்லோரும் வாங்கும் எச்.சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சாரின் எக்கோ பின் (எதிரொலி வந்ததைத் தெரிவிக்கும் பின்) 5 வோல்ட் தருகிறது. அதை நேரடியாக இணைத்தால் சில நாள் ஓடலாம் என்றாலும் சிப்பின் ஆயுளுக்கு அது கேடு. எக்கோ கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அந்தக் கம்பி சேரும் போர்டு பின்னுக்கும் கிரவுண்டு (ஜிஎன்டி) பின்னுக்கும் இடையே 2 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் அழுத்தம் ஏறக்குறைய 3.3 வோல்ட்டாகக் குறையும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

வைஃபை அலையை அனுப்பும் நொடியில் மின்னோட்டத் தேவை திடீரென உயரும். மெல்லிய கேபிளோ பழைய சார்ஜரோ அதைத் தாங்காவிட்டால், இஎஸ்பி32 மின்னழுத்தக் குறைவைக் குறிக்கும் 'பிரவுன்அவுட்' செய்தியைக் காட்டித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். குறைந்தது 500 மில்லிஆம்பியர் தடையின்றித் தரும் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். போர்டை கணினி அடையாளமே காணவில்லை என்றால், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, போர்டில் உள்ள யுஎஸ்பி வழியே கணினியோடு பேச உதவும் சிஎச்340 அல்லது சிபி2102 சிப்புக்கான டிரைவரை நிறுவுங்கள். மேலும், இந்தப் போர்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும் என்பதால், ரூட்டரிலும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலும் அந்த அலைவரிசை இயங்க வேண்டும்.

கடலோர உப்புக்காற்று பின்களை விரைவில் அரிக்கும் என்பதால், தேவனாம்பட்டினம் போன்ற பகுதிகளில் மாடியில் வைக்கும் போர்டை ரப்பர் விளிம்புள்ள மூடிய பெட்டிக்குள் பொருத்துங்கள். போர்வெல் மோட்டாரை இயக்க விரும்புவோர், சிறிய ரிலே மாட்யூலை நேரடியாக மோட்டாருக்குக் கொடுக்கவே கூடாது. அந்த ரிலே, மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும்; ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செய்யும் வயரிங் வேலையை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடமே ஒப்படைக்க வேண்டும்.