ஆர்டினரி: போர்க்கப்பலின் சேமநிலை

பேச்சு வழக்கில் ‘ஆர்டினரி’ என்றால் சாதாரணம். பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையிலோ, ஒரு கப்பல் ‘ஆர்டினரியில்’ இருப்பதாகச் சொன்னால், அது போர்ப்பணியிலிருந்து விலக்கப்பட்டு, மீண்டும் தேவைப்படும்வரை துறைமுகத்தில் காத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வரிசை, ஒழுங்கு என்னும் பொருளுடைய ‘ஓர்டோ’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அதிலிருந்து ‘வழக்கமானது’ என்ற பொருள் கிளைத்தது. கடற்படையின் ஆண்டுச் செலவு மதிப்பீட்டில் வழக்கமான பராமரிப்புச் செலவுகளுக்கான தலைப்பு ‘ஆர்டினரி’ என்பதாகும். அத்தலைப்பின்கீழ் பராமரிக்கப்பட்ட கப்பல்களின் நிலைக்கும் அப்பெயரே அமைந்தது.

அந்நிலைக்கு வந்த கப்பலின் பீரங்கிகள், பாய்கள், கயிறுகள், மேல் பாய்மரங்கள் ஆகியவை இறக்கிக் கரையில் வைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த தளங்களில் தச்சர், பீரங்கிப் பொறுப்பாளர், சமையற்காரர் போன்ற நிலையான பணியாளர் சிலரே எஞ்சினர். அடியில் ஊறிய நீரை இறைப்பதும், காற்றோட்டம் குன்றினால் மரத்தில் பற்றிக்கொள்ளும் பூஞ்சையைத் தடுப்பதும் அவர்களின் அன்றாடப் பாடு. போரில் குண்டு துளைத்துக் கெட்ட கப்பல்களைவிட, இப்படித் துறைமுகத்தில் நின்றே உளுத்த கப்பல்கள் மிகுதி என்பதால், இப்பணியை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் தலைமைக் கப்பலாக விளங்கிய ‘விக்டரி’ 1765இல் நீரில் இறக்கப்பட்டது; ஏழாண்டுப் போர் 1763இலேயே முடிந்திருந்ததால் உடனே ஆர்டினரிக்குச் சென்றது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சும் இறங்கிய 1778இல்தான் அது போர்ப்பணி ஏற்றது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமலி’யின் காத்திருப்பு இன்னும் நீண்டது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட அக்கப்பல், 1819இல் போர்ட்ஸ்மத் சேர்ந்தபின் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆர்டினரியிலேயே இருந்து, 1847இல்தான் முதற்பணிக்குப் புறப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இச்சொல்லைச் சிலர் ‘ஓய்வு’ என்று பெயர்க்கின்றனர். பணிக்கே போகாத கப்பலுக்கு ஓய்வு ஏது? ‘சாதாரண நிலை’ என்பதோ பொருளையே மறைத்துவிடும். போரில் தேர் முறிந்தால் ஏறிக்கொள்வதற்கென வைத்திருந்த மாற்றுத் தேரைச் ‘சேமத்தேர்’ என்பது நம் பழைய வழக்கு. பாதுகாப்பும் பிற்காலத் தேவையும் அதில் ஒருங்கே அடங்குவதால், ஆர்டினரிக்குச் ‘சேமநிலை’ என்றும், அந்நிலையில் உள்ள கப்பலுக்குச் ‘சேமக்கப்பல்’ என்றும் வழங்குவதே தகும். பாய்மரம் களைந்து சிறையாகவோ கிடங்காகவோ நிலையாக மாற்றப்பட்ட பழங்கப்பலுக்கு இச்சொல் பொருந்தாது; வெறுங்கூடாக எஞ்சி நிற்பதால் அதனைக் ‘கூட்டுக்கப்பல்’ எனலாம்.