மானியம் முடிந்த மறுநாள் யார் சுமப்பது?

ஆய்வகங்களும் தொழில் நிறுவனங்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் படிப்பதும் திருத்துவதும் என் தொழில். ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மறுபக்கம் பெரும்பாலும் ஒரு சிறு நிறுவனம், நடுவில் பணம் தரும் அரசு அமைப்பு. மூவரும் சேர்ந்து புதிய தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் கூட்டாய்வுத் திட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் விண்ணப்பத்தை வரிக்கு வரி செதுக்கியிருப்பார்கள். உடன் வந்த ஒப்பந்த வரைவையோ புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மானியம் கிடைத்ததையே வெற்றியாக எண்ணுகிறார்கள். மானியக் காலம் முடிந்த மறுநாள் அந்தத் தொழில்நுட்பம் யார் கையில் இருக்கும், அடுத்த கட்டச் செலவை யார் ஏற்பார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அருமையான கண்டுபிடிப்புகள் கோப்புகளுக்குள் முடங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் தொடக்கத்தில் விடுபட்டிருந்தது இந்தக் கேள்விதான்.

அரசு ஏன் இதில் இறங்குகிறது? நாசா 1970களில் வகுக்கத் தொடங்கிய தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் இன்று பல நாட்டுத் திட்டங்களில் பயன்படுகிறது. அதில் 9 படிகள். அடிப்படைக் கோட்பாடு கண்டறியப்படுவது முதல் படி. உண்மையான பணிச்சூழலில் இயங்கிக் காட்டுவது ஒன்பதாவது. பல்கலைக்கழக ஆய்வு பெரும்பாலும் மூன்றாம், நான்காம் படியில் ஆய்வுக் கட்டுரையாகி நின்றுவிடும். தனியார் முதலீட்டாளர்களில் பலர் ஏழாம் படிக்குக் கீழே திரும்பியும் பார்ப்பதில்லை. இடையில் உள்ள வேலையோ கடினமானது: முன்மாதிரியைப் பெரிதாக்குவது, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது, தரச் சான்று பெறுவது. செலவு கூடும், புதிய கட்டுரையும் வராது, லாபமும் வராது. இந்த இடைப்பட்ட படிகளில் யாராவது தோள் கொடுக்க வேண்டும்.

ஜெர்மனியில் 1949இல் தொடங்கப்பட்ட ஃபிரான்ஹோஃபர் அமைப்பு இதற்காகவே வளர்ந்தது. அதன் நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அரசுகள் அடிப்படை நிதியாகத் தருகின்றன. மீதியைத் தொழில் நிறுவனங்களின் ஒப்பந்த ஆய்வுகளிலிருந்தும், போட்டியிட்டுப் பெறும் பொதுத் திட்டங்களிலிருந்தும் அது ஈட்டியாக வேண்டும். எர்லாங்கனில் உள்ள அதன் ஆய்வு நிறுவனம், 1987இல் தொடங்கிய ஐரோப்பிய யுரேகா கூட்டுத் திட்டம் ஒன்றில் டிஜிட்டல் வானொலிக்கான ஒலிச் சுருக்க ஆய்வில் ஈடுபட்டது. அந்தப் பணியின் தொடர்ச்சியாக வந்ததுதான் நாம் எல்லோரும் பயன்படுத்திய எம்பி3. உரிமக் கட்டணமாக வந்த பணம் புதிய ஆய்வுகளுக்குத் திரும்பியது. காப்புரிமை யாரிடம், உரிமம் தருவது யார் என்பதெல்லாம் தெளிவாக இருந்ததால்தான் அது முடிந்தது.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது தைவானின் கதை. 1973இல் அங்கே அரசு ஆதரவுடன் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாக்கப்பட்டது. இட்ரி என்பது அதன் சுருக்கப் பெயர். 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து கணினி போன்ற கருவிகளுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுகளைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உரிமமாகப் பெற்றார்கள். வரைபடங்களையும் செய்முறைக் குறிப்புகளையும் மட்டும் வாங்கிக்கொண்டு அவர்கள் ஓயவில்லை. இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பி, வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி பெற வைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் ஒரு சோதனைத் தொழிற்சாலையை நடத்தினார்கள். 1980இல் அங்கிருந்து யுஎம்சி என்ற நிறுவனம் பிரிந்து வந்தது. 1987இல் அரசின் முதலீடும் பிலிப்ஸ் நிறுவனத்தின் முதலீடும் சேர்ந்து டிஎஸ்எம்சி பிறந்தது. ஒவ்வொரு முறையும் ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் புதிய நிறுவனத்துக்கு இடம் மாறினார்கள். உலகின் முன்னணிச் சில்லுத் தயாரிப்பாளர் இப்படித்தான் உருவானது.

தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி எந்தக் காகிதத்திலும் எழுதப்படுவதில்லை. எந்த வெப்பநிலையில் கலவை கெட்டுப்போகும், எந்த ஓசை கேட்டால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் செய்தவர்களுக்கே தெரியும். அவர்கள் மானியம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டால், காப்புரிமைச் சான்றிதழை வைத்துக்கொண்டு நிறுவனம் எதுவும் செய்ய முடியாது. ஆகவே எந்த வரைவு கைக்கு வந்தாலும் ஆட்களைப் பற்றிய பத்தியைத்தான் நான் முதலில் தேடுவேன். ஆய்வு மாணவர் நிறுவனத்தில் எத்தனை மாதம் இருப்பார்? திட்டம் முடிந்த பிறகு ஆலோசனை தருவதற்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? பிரிட்டனின் அறிவுப் பரிமாற்றக் கூட்டுத் திட்டம் இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் நிறுவனத்துக்குள் இருந்தே வேலை செய்ய, பல்கலைக்கழகம் அவருக்கு வழிகாட்டுகிறது. 1975இல் வேறு பெயரில் தொடங்கிய அந்த முறை இன்னும் நடக்கிறது.

போட்டியாளர்களே கூட்டாளிகளாகும் திட்டங்களில் சிக்கல் வேறு. 1987இல் அமெரிக்காவின் 14 சில்லு நிறுவனங்கள் சேர்ந்து செமாடெக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அரசு தன் பாதுகாப்பு ஆய்வு முகமை வழியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் தந்தது. உற்பத்தி முறைகளைச் சேர்ந்து உருவாக்கலாம் என்பது தொடக்கத் திட்டம். ஆனால் எந்த நிறுவனமும் தன் கைவசம் இருந்த சிறந்த முறையை மேசைமேல் வைக்க விரும்பவில்லை. பிறகு கூட்டமைப்பு திசை மாறியது: எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்படும் கருவிகளைத் தயாரிப்பவர்களைப் பலப்படுத்துவது என்று முடிவு செய்தது. அந்த வேலை நடந்தது. 1996க்குப் பிறகு அரசுப் பணம் இல்லாமலேயே இயங்கவும் செய்தது. போட்டியாளருடன் சேர்ந்து விண்ணப்பிக்க நினைப்பவர்கள், எதைப் பகிர்வோம் என்பதைவிட எதைப் பகிரவே மாட்டோம் என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி உரிமை. திட்டத்துக்குள் நீங்கள் கொண்டுவரும் பழைய அறிவு வேறு, திட்டத்தில் பிறக்கும் புதிய அறிவு வேறு. முதல் வகையைப் பட்டியலிட்டு, தேதி போட்டு, ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பா போன்ற பெருந்திட்டங்கள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. பட்டியல் இல்லாத இடத்தில், பல ஆண்டுகளாக ஒரு நிறுவனம் சொந்தச் செலவில் வளர்த்த மென்பொருள்கூட ‘திட்டத்தின் விளைவு’ என்று உரிமை கோரப்படலாம். அப்படிப்பட்ட தகராறுகளில் நான் அமர்ந்திருக்கிறேன். பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்து, எது எப்போது எழுதப்பட்டது என்று நிரூபிப்பது மிகுந்த வேதனை தரும் வேலை.

ஒரே ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு ஒன்று போதும். எச்.ஐ.வி. கிருமியின் அளவைக் கணக்கிடும் சோதனை முறை பற்றிய வழக்கு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கச் சம்மதிப்பதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு ஒரு நுட்பத்தைக் கற்பதற்காக சீடஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். உள்ளே நுழைய அவர்கள் நீட்டிய படிவத்தில், அங்கு கிடைக்கும் அறிவால் பிறக்கும் கண்டுபிடிப்புகளின் உரிமையை இப்போதே ஒப்படைப்பதாக ஒரு வரி இருந்தது. கையெழுத்திட்டார். பின்னாளில் சீடஸின் அந்த நுட்பம் சார்ந்த தொழிலை ரோஷ் நிறுவனம் வாங்கியது; உரிமைத் தகராறு அதனுடன்தான் எழுந்தது. ஆய்வுக்கு அரசுப் பணம் பயன்பட்டது, எனவே சட்டப்படி உரிமை தங்களுக்கே என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பு முதலில் கண்டுபிடித்தவருக்கே சொந்தம். அரசு நிதி பெற்றதாலேயே அது தானாகப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்துவிடாது என்றது. எதிர்காலத்தில் தருவதாகச் சொன்ன சம்மதம், அந்த நொடியிலேயே தந்த ஒப்படைப்பின் முன் நிற்கவில்லை. விருந்தினராக ஓர் ஆய்வகத்துக்குச் செல்லும் மாணவருக்கும் வரவேற்பு மேசையில் நீட்டப்படும் படிவத்தைப் படிக்கும் உரிமை உண்டு. அதைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது வழிகாட்டிகளின் கடமை.

அந்த வழக்கின் மையத்தில் இருந்தது 1980இல் இயற்றப்பட்ட பே-டோல் சட்டம். அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் தாங்களே வைத்துக்கொள்ள அது வழி செய்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் கண்டுபிடிப்பை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமம் அரசுக்கு இருக்கும். கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுவராமல் முடக்கி வைத்தால் பிறருக்கு உரிமம் தரச் சொல்லும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. இவற்றை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடக் கூடாது. கேம்ப்பெல் பிளாஸ்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்காக விமானிகளின் பாதுகாப்பு முகமூடிப் பாகங்களை உருவாக்கியது. அதில் பிறந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் பெற்றது. ஆனால் ஒப்பந்தம் சொன்ன படிவத்தில் அதை முறைப்படி தெரிவிக்கவில்லை. இராணுவம் உரிமையைக் கேட்டது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இராணுவத்தின் பக்கமே நின்றது. வேலையை ஒழுங்காகச் செய்த நிறுவனம், படிவம் ஒன்றால் உரிமையை இழந்தது. உங்கள் குழுவில் ஒருவருக்கு, அறிவிக்கும் கெடுக்களைக் கவனிப்பதை மட்டுமே பொறுப்பாகக் கொடுங்கள்.

கட்டுரை வெளியீடு பற்றிச் சுருக்கமாக: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் எங்கும் வெளியிடாதீர்கள். மாநாட்டில் ஒட்டும் சுவரொட்டியும் வெளியீடுதான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை முறையில் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அப்படி எதுவும் இல்லை. அதேநேரம் நிறுவனம் கட்டுரையை முடிவில்லாமல் தடுத்து வைக்கவும் கூடாது. அது ஆய்வு மாணவரின் பட்டத்தையே பாதிக்கும். நிறுவனம் படித்துப் பார்க்க ஒரு கால வரம்பைக் குறித்து, அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் வெளியிடலாம் என்று எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

திட்டத்தின் ஆயுள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. தொழில்நுட்பத்தின் பயணம் அதைப் போலப் பல மடங்கு நீளும். இன்றைய மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் புற ஊதாக் கதிர் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் இன்டெல் முன்னின்று நடத்திய நிறுவனக் கூட்டமைப்பு அமெரிக்க அரசின் தேசிய ஆய்வகங்களுடன் ஒப்பந்தம் செய்து அந்த ஆய்வை முன்னெடுத்தது. பின்னர் அதில் இணைந்த நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் விடாமல் உழைத்தது. பெரிய அளவிலான உற்பத்தியில் அந்த இயந்திரங்கள் இடம்பிடிக்க 2019 ஆகிவிட்டது.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசியின் பாதையும் அப்படித்தான். டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1980களின் நடுவில், பிறந்த குழந்தைகளிடம், பின்னர் தடுப்பூசிக்கு அடிப்படையான ஒரு வைரஸ் வகை கண்டறியப்பட்டது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, பாரத் பயோடெக் நிறுவனம், அமெரிக்க ஆய்வு அமைப்புகள், அறக்கட்டளைகள் எனப் பல கைகள் சேர்ந்தன. 2014இல் ரோட்டாவேக் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்தது. 2018இல் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதி, அதாவது தரத்துக்கான அதன் ஒப்புதல், கிடைத்தது. இதில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது விலை. ஒரு டோஸ் ஒரு டாலர் அளவில் தரப்படும் என்ற உறுதி, சந்தைக்கு வரும் முன்பே தரப்பட்டிருந்தது. வாங்கப்போவது யார் என்பதும் தெரிந்திருந்தது. பொதுப் பணம் சேர்ந்த ஆய்வில் மக்களுக்கு என்ன விலையில் கிடைக்கும் என்று கேட்பதை வணிகத்துக்குத் தடை என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. விலை தெரிந்தால் உற்பத்திச் செலவு எங்கே நிற்க வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். முதலில் வாங்குபவர் அரசாகவே இருந்தால் வங்கியும் நம்பும்.

1982இல் அமெரிக்காவில் தொடங்கிய சிறு தொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் இரண்டுக்கும் திட்டமே நிதி தரும். சந்தைக்குப் போகும் மூன்றாம் கட்டத்துக்குத் திட்டத்தின் நிதியே கிடையாது. தனியார் பணமோ, அரசு அமைப்பின் வேறு கொள்முதல் பணமோ தேட வேண்டும். பெரும்பாலான நாடுகளின் திட்டங்களும் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் முடிகின்றன.

ஆகவே அடுத்த வரைவு உங்கள் கைக்கு வரும்போது கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள். திட்டம் முடிந்த பின் காப்புரிமைப் புதுப்பிப்புக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? நிறுவனம் மூடப்பட்டாலோ விற்கப்பட்டாலோ உரிமம் யாரிடம் போகும்? குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் உரிமம் ஆய்வகத்துக்குத் திரும்புமா? வேறு யாருக்கும் தராத தனியுரிமம் என்றால் எல்லாப் பயன்பாடுகளுக்குமா, அந்த நிறுவனம் உண்மையில் தயாரிக்கப்போகும் பயன்பாட்டுக்கு மட்டுமா? இவற்றுக்கான வாசகங்களைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. பிரிட்டன் 2005 முதல் லம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. உரிமையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஏற்ப அதில் பல வடிவங்கள் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு அவை நேராகப் பொருந்தாது என்றாலும், எந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும் என்பதை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்த ஆலோசனைக்கும் காப்புரிமைக்கும் ஆகும் செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகக் காட்ட முடியுமா என்று நிதி தரும் அமைப்பிடம் விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். முடிவுகளைப் பாதுகாக்க ஆகும் செலவை ஹொரைசன் ஐரோப்பா ஏற்கத்தக்கதாகவே கருதுகிறது. விண்ணப்பத்தில் கேட்காத பணத்தைப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.