கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக் கறை

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதக் காலை. செஸ்னா பயிற்சி விமானம். இடது சீட்டில் மாணவர், வலது சீட்டில் பயிற்றுநராக நான். தர்மபுரியைத் தாண்டி ஓசூர் திசையில் 6500 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தோம். கீழே பாலக்கோடு பக்கத்துத் தக்காளித் தோட்டங்கள், தூரத்தில் லேசான மூட்டம். மாணவர் ராயக்கோட்டை மலையைத் தேடிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் எங்களுக்கு அடுத்த அடையாளம் அதுதான்.

என் பக்கக் கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பூச்சி அடித்த கறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் புறப்படும் முன் அந்தக் கண்ணாடியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தவனே நான். சந்தேகம் வந்து தலையை ஒரு சாண் முன்னால் கொண்டுபோனேன். கண்ணாடியில் ஒட்டிய கறை என்றால், தலை அசையும்போது தொடுவானத்தின் மேல் அதுவும் இடம் மாறித் தெரிய வேண்டும். இது மாறவில்லை. தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

"தம்பி, கன்ட்ரோல் என்கிட்ட" என்று சொல்லி வலப்பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை விமானம் அதே உயரத்தில் எங்கள் முன்னால் குறுக்கே போனது. அதன் சக்கரங்கள் தெளிவாகத் தெரிந்தன. மாணவர் பேசவே இல்லை. அப்புறம், "சார், நாம தப்பான உயரத்துலயா இருந்தோம்?" என்று கேட்டார்.

இல்லை. இரண்டு பேருமே விதிப்படி சரியான உயரத்தில்தான் இருந்தோம். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதி, அதாவது வி.எஃப்.ஆர்., பயணத்தில் இப்படி: காந்தத் திசை 0 முதல் 179 டிகிரி வரை, அதாவது கிழக்குப் பாதியில், போகிறவர்கள் 5500, 7500 போன்ற உயரங்களில், 180 முதல் 359 வரை, அதாவது மேற்குப் பாதியில், போகிறவர்கள் 4500, 6500 போன்ற உயரங்களில். நாங்கள் வடமேற்கே போனோம். அவர் கிழக்கிலிருந்து பெங்களூர்ப் பக்கம் போனார். இரண்டுமே இரண்டாவது பாதியில் வருகிறது. எதிரெதிரே வருகிறவர்களைத்தான் இந்த விதி பிரிக்கும். ஒரே பாதியில் சாய்வாக வந்து சேருகிறவர்களை அது பிரிக்காது. பாதைகள் சேரும்போது யாருடைய வலப்பக்கத்தில் மற்றவர் இருக்கிறாரோ அவர்தான் விலக வேண்டும், அதுவும் மற்றவருக்கு முன்னால் புகாமல். அன்று விலக வேண்டியவன் நான்.

நம் பகுதியில் இது நடக்க இன்னொரு காரணமும் உண்டு. தரையைப் பார்த்துப் பறக்கிற எல்லோருக்கும் அடையாளங்கள் ஒன்றேதான். சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் சேரும் கிருஷ்ணகிரி, கே.ஆர்.பி. அணையின் தண்ணீர், ராயக்கோட்டை மலை. எல்லோரும் அதை நோக்கியே வருகிறோம், வந்ததும் அதையே குனிந்து பார்க்கிறோம். அதனால் அடையாளத்துக்கு நேர் மேலே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகச் சொல்லி என் மாணவர்களைப் பழக்குகிறேன்.

அந்தப் புள்ளிக்கு வருகிறேன். நம் கண் அசைவை உடனே பிடிக்கும். மோதப்போகிற விமானமோ அசையாது. இரண்டும் நேராக, ஒரே சீரான வேகத்தில் ஒரே இடத்துக்குப் போகும்போது, மற்றது கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றபடி மெதுவாகப் பெரிதாகும். கடைசிச் சில வினாடிகளில்தான் திடீரென்று ஊதிப் பெருக்கும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 வினாடி, அது விமானம் என்று புரிய 1, மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4, கை அசைய 0.4, விமானம் திரும்ப 2. மொத்தம் 12.5 வினாடி. தலா 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டரில், இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் அந்த நேரத்தில் நடுவில் இருக்கிற 1.3 கிலோமீட்டர் கரைந்துவிடும். அந்தத் தூரத்தில் எதிர் விமானத்தின் உடல், நீட்டிய கையில் பிடித்த கேழ்வரகு மணியைவிடச் சின்னதாகத் தெரியும்.

அதனால் பார்ப்பதையே ஒரு வேலையாகப் பழக வேண்டும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. வானத்தை அப்படி முட்டி முட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வினாடி கண்ணை நிறுத்துங்கள். கண்ணை ஓட்டிக்கொண்டே போனால் சின்னப் புள்ளி சிக்காது. வெறும் மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வை தானாக ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குச் சுருங்கிவிடும். அதனால் இடையிடையே தூரத்து மலை ஒன்றைப் பார்த்துவிட்டு வானத்துக்குத் திரும்புங்கள். தலையையும் அசையுங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு விமானமே மறைந்திருக்கலாம். செஸ்னா போல இறக்கை மேலே இருந்தால், திரும்பும்போது தாழ்கிற இறக்கை நாம் போகப்போகிற பக்கத்தையே மூடும். திரும்பும் முன் அந்த இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

ரேடாரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். வி.எஃப்.ஆர். விமானம் அருகில் இன்னொன்று வந்தால் அவர் தகவல் சொல்வார், அதுவும் அவர் திரையில் தெரிந்தால்தான். விலகுவது உங்கள் வேலை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதலைத் தவிர்க்கும் கருவி இந்தியாவில் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமானது. நம் சின்னப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் அது கிடையாது. இப்போதைய பிள்ளைகள் டேப்லெட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். அதில் கண் நிற்கிற ஒவ்வொரு வினாடியும் அந்த 12.5-இலிருந்துதான் போகிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

பயிற்சிக்குச் சேரக் காத்திருக்கும் நம் மாவட்டப் பிள்ளைகள் இதை இப்போதே பழகலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால், சர்வீஸ் ரோட்டில் வந்து நெடுஞ்சாலையில் சேரும் வண்டிகளைக் கண்ணாடி வழியாகக் கவனியுங்கள். பின்னால் நகர்கிற வண்டியை நாம் தாண்டிவிடுவோம். முன்னால் நகர்கிறது நமக்கு முன்பே போய்விடும். கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வருகிறதே ஒன்று, டிரைவர் அதற்குத்தான் பிரேக் போடுவார்.