இடதுபக்க ஸ்டியரிங் வண்டி: ரோட்டில் ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொது இடத்தில் ஓட்டும் இடதுபக்க ஸ்டியரிங் வண்டியில் சிக்னல் கருவி இருக்க வேண்டும், அது வேலையும் செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 120 கேட்பது இவ்வளவுதான். இன்றைய விதிப்படி அது ஆம்பர் நிற இண்டிகேட்டர், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். ஓட்டியவரோடு, சாவியைக் கொடுத்தவரும் பொறுப்பு. அபராதம் 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வாங்கும்போது ஷெட்டில் கிடக்கும் பழைய வில்லிஸ் ஜீப்பும் சேர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டுக்குள், பொதுமக்களுக்கு வழி இல்லாத தோட்டப் பாதையில் ஓட்டும்வரை பிரிவு 120 வராது. மெயின் ரோட்டில் ஏறினால் வரும்.

சிக்னல் இருந்தால் போதுமா என்றால், என்னைக் கேட்டால் மலைப்பாதைக்குப் போதாது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் பஸ் போகிறது. வலதுபக்கம் உட்கார்ந்தவர் வண்டியைக் கொஞ்சம் விலக்கினாலே எதிரே வருவது தெரியும். இடதுபக்கம் இருப்பவருக்குத் தெரிவது பஸ்ஸின் முதுகு மட்டும். பாதி வண்டியை எதிர்ப்பக்கம் நீட்டிய பிறகுதான் கீழே இறங்கும் லாரி கண்ணில் படும். பக்கத்து சீட்காரர் "வரலாம், வரலாம்" என்று சொல்வதை நம்பி முந்துவது தற்கொலை.

உண்மையான தடை இறக்குமதியில் இருக்கிறது. புதிய காரோ பழைய காரோ, பொதுவாக வலதுபக்க ஸ்டியரிங் இருந்தால்தான் உள்ளே வரும். ஹெட்லைட்டும் இடதுபக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும்.

50 வயது தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி சேலம் கடைவீதிக்குப் போக முடியாது.

சரி, மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றிவிட்டால்? முதலில் ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை.