பரங்கி பீரில் பரங்கி எங்கே?

பரங்கிக்காயை உப்பு, சர்க்கரை எதுவும் போடாமல் வேகவைத்து ஒரு வாய் தின்று பாருங்கள். லேசான இனிப்பு, கொஞ்சம் மண்வாடை, மாவுத்தன்மை. அவ்வளவுதான். ‘பம்ப்கின்’ என்று லேபிள் ஒட்டிய, சிறு மதுவடிப்பகங்களின் கிராஃப்ட் பீரில் முதல் மடக்கிலேயே மூக்குவரை ஏறுகிறதே ஒரு மணம், அது பரங்கி இல்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, சில சமயம் வெனிலா. அமெரிக்காவில் பம்ப்கின் பை என்கிற இனிப்புப் பண்டத்துக்குப் போடும் மசாலா அது. மசாலா மணம் வந்ததும் மூளை பரங்கியைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

இது புரியாமல் விமர்சனம் எழுதுகிறவர்கள் மசாலாவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் பீரைக் கோட்டை விடுகிறார்கள். பழ பீரிலும் இதே சிக்கல்தான். மதிப்பெண் தவறினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பீரின் குறையை மறைக்கிற அதே இனிப்பும் மசாலாவும் ஆல்கஹாலையும் மறைத்துவிடும். அந்தத் தவறுக்கு விலை அதிகம்.

பரங்கி பீருக்கு வந்ததே சுவைக்காக இல்லை. அமெரிக்கக் காலனிகளில் நல்ல மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எளிதில் கிடைக்காத காலத்தில், நொதிக்கவைக்கச் சர்க்கரை எதிலிருந்தாவது வரவேண்டும் என்பதற்காகப் பரங்கியைப் போட்டார்கள். மால்ட் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் வழக்கம் ஒழிந்தது. 1980களில் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் பஃபலோ பில்ஸ் மதுவடிப்பகத்தை நடத்திய பில் ஓவன்ஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பரங்கியை மட்டும் போட்டுப் பார்த்தபோது பீரில் அதன் சுவை ஏறவில்லை. பை மசாலாவைச் சேர்த்த பிறகுதான் இன்று நாம் அறிந்த பம்ப்கின் ஏல் உருவானது (ஏல் என்பது பீரில் ஒரு வகை).

பரங்கி ஏன் காணாமல் போகிறது? 20 லிட்டர் பீருக்கு 2 முதல் 3 கிலோ பரங்கியை 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டு, மால்ட்டோடு சேர்த்து 65–68 டிகிரி வெந்நீரில் ஊறவைப்பார்கள். மால்ட்டின் நொதிகள் பரங்கியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். மிஞ்சுவது ஆரஞ்சு சாயல், சற்றே கனம், கவனித்தால் மட்டும் தெரிகிற ஒரு காய்வாடை. (கூழாகிப்போன பரங்கி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பதால் கூடவே நெல் உமியும் போடுவார்கள். உமிக்குச் சுவை கிடையாது, வழி விடுவது மட்டுமே அதன் வேலை.) வெட்டிய முகம் நன்றாகப் பழுப்பேறும்வரை சுட்டால் கொஞ்சம் கேரமல் சுவை தங்கும். ஆனால் ‘சுட்ட பரங்கி’ என்று நாம் எழுதும் சுவையில் பாதி, கேரமல் மால்ட்டும் மியூனிக் மால்ட்டும் தருவதுதான்.

இன்னொன்று. வட அமெரிக்காவில் பரங்கி அறுவடை செப்டம்பர், அக்டோபரில். பம்ப்கின் பீர் கடைக்கு வருவதோ ஆகஸ்டில், சில சமயம் ஜூலையிலேயே. அந்தப் பீரில் அந்த ஆண்டுப் பரங்கி பெரும்பாலும் இருக்காது. டின்னில் அடைத்த கூழாக இருக்கும், இல்லை முந்தைய ஆண்டுச் சரக்காக இருக்கும். அது குற்றமில்லை. ஆனால் ‘புதிதாகப் பறித்த பரங்கியின் மணம்’ என்று நாம் எழுதிவிடக் கூடாது.

மசாலாவையும் பீரையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மூக்கை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு மடக்கு குடியுங்கள். பட்டையும் வெனிலாவும் அப்படியே மறைந்துவிடும். அவற்றின் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறித்தான் நமக்குத் தெரிகிறது. இப்போது நாக்கில் இருப்பது இனிப்பு, கசப்பு, புளிப்பு, துவர்ப்பு, குமிழியின் குத்தல், ஆல்கஹாலின் சூடு. இந்த எலும்புக்கூடு நிற்கிறதா என்று பாருங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீராக இருக்கிறதா? கடைசியில் ஒரு கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிடுகிறதா? பட்டையை அதிகம் கொதிக்கவிட்டிருந்தால், மரப்பட்டையைக் கடித்ததுபோல ஈறில் ஒரு துவர்ப்பு ஒட்டும். பிறகு மூக்கை விடுங்கள். மசாலா ஒரே அலையாக வந்து மோதும். மோதலுக்கு முன்னும் பின்னும் எழுதிய இரண்டு குறிப்புகளும் வேறு வேறு பானங்களைப் பற்றியவைபோலத் தோன்றினால், மசாலா பீரோடு சேரவில்லை, மேலே தூவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிராம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது ஏன்? அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும். கிராம்பு தூக்கலான பீருக்குப் பிறகு குடிக்கிற எதையும் நாக்கு சரியாகப் படிக்காது. அதனால்தான் வரிசை முக்கியம்: லேசான பழ பீர்கள் முதலில், புளிப்பு பீர்கள் அடுத்து, மசாலா பீர்கள் அதற்குப் பின், அதிக ஆல்கஹாலும் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இனிப்பும் உள்ளவை கடைசியில். நடுவே வெறும் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித்துண்டு. பழம் சேர்த்த கோதுமை பீரில் கிராம்பு மணம் வந்தால் உடனே ‘மசாலா’ என்று எழுதவும் வேண்டாம். ஜெர்மானிய கோதுமை ஈஸ்ட்டே அந்த மணத்தைத் தரும், கூடவே வாழைப்பழ வாடையும். ஈஸ்ட் தரும் கிராம்பு மூக்கோடு நின்றுவிடும், நாக்கை மரக்கவைக்காது.

பழத்துக்கு வருவோம். ஈஸ்ட் பழத்தின் சர்க்கரையைத் தின்றபின் மிஞ்சுவது அமிலம், மணம், தோலும் விதையும் தந்த துவர்ப்பு. ஆகவே நிஜமாகவே பழத்தோடு முழுக்க நொதித்த ராஸ்ப்பெரி பீர் இனிக்காது, புளிக்கும். ஜாம்போல இனிக்கிறதென்றால் நொதித்த பிறகு சாறோ சர்க்கரையோ சேர்த்திருக்கிறார்கள், அல்லது ஈஸ்ட் தின்ன முடியாத லாக்டோஸ் இருக்கிறது. காற்றிலுள்ள ஈஸ்ட்டால் தானே நொதிக்கும் பெல்ஜியத்தின் புளிப்பு பீரான லாம்பிக்கிலேயே இரு முகமும் உண்டு. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் செய்யும் செர்ரி கிரீக், வாயை உலர்த்துகிற புளிப்பு. லிண்டமான்ஸின் ஃப்ராம்ப்வாஸ் என்கிற ராஸ்ப்பெரி பீர் இனிப்பு சேர்த்தது, ஆல்கஹால் 2.5% தான். ஒன்றின் அளவுகோலை வைத்து மற்றதை அளப்பது அநியாயம்.

பழத்தின் அளவும் பழத்துக்குப் பழம் மாறும். ராஸ்ப்பெரி அடாவடியானது. லிட்டருக்கு 60 முதல் 120 கிராம் போதும். செர்ரிக்கு மரபான கிரீக்கில் 200 கிராமோ அதற்கு மேலோ போகும். பீச்சும் நிறையக் கேட்கும், அப்படியும் பீரில் மங்கிவிடும். அதனால் பீச் மணத்துக்கே பல மதுவடிப்பாளர்கள் ஆப்ரிகாட்டை நாடுகிறார்கள். ஸ்ட்ராபெரியின் நிறமும் மணமும் சில வாரங்களில் ஓடிவிடும், மிஞ்சுவது பழுப்பேறிய ஒரு சாயல். செர்ரி பீரில் பாதாம் வாடை வந்தால் குறையென்று எழுத வேண்டாம். கொட்டையிலிருந்து இறங்கும் பென்சால்டிஹைட் அது.

செயற்கை எசென்ஸைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முதல் மோப்பத்தில் பலமாக அடிக்கும், ஆனால் அதற்குப் பின்னால் பழத்தின் புளிப்போ துவர்ப்போ இருக்காது. இருமல் மருந்து நினைவுக்கு வந்தால் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும்.

கண்ணையும் நம்ப வேண்டாம். பிரான்ஸின் போர்தோவில் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தபோது அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே எழுதினார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. ரோஜா நிற பீரைப் பார்த்ததும் ராஸ்ப்பெரி மணக்க ஆரம்பிப்பதும் அதே கதைதான். முதல் மோப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் இன்னொருவரைக் கொண்டு மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாதவர், அந்த இரண்டு பீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதக் கூடாது.

கிளாஸ் வாய் குறுகி, சோப்பு எச்சம் இல்லாமல் இருக்கட்டும். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரே படலமாக வழிய வேண்டும். திட்டுத்திட்டாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, நுரை நிற்காது. புளிப்பு பழ பீருக்கு 5–8 டிகிரி, கனமான பரங்கி ஏலுக்கு 10–13 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் குளிர் எல்லாக் குறையையும் மூடிவிடும்.

குறைகளை மறைப்பதில் இந்தப் பீர்கள் கில்லாடிகள். நொதித்தல் சரியாக முடியாத பீரில் வெண்ணெய் வாடை வரும். பம்ப்கின் பீரில் அதையே ‘பையின் மேலோடு’ என்று புகழ்ந்துவிடுவார்கள். கொதிப்பு போதாத பீரில் டின் சோளம், வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். அதற்குப் ‘பரங்கியின் காய்வாடை’ என்று பெயர் சூட்டப்படும். பச்சை ஆப்பிள் வாடை அசிடால்டிஹைட், இளம் பீரின் அடையாளம். ஆப்பிள் பீரில் அது பழமாகவே கணக்கில் ஏறிவிடும். பிரித்தறிய, 50 மில்லியைத் தனியே ஊற்றி, சுழற்றிக் குமிழிகளைப் போக்கி, உள்ளங்கையில் வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். வெண்ணெயும் சோளமும் தூக்கலாகும். குமிழியின் கடி மூடியிருந்த இனிப்பும் வெளியே வரும். நெயில் பாலிஷ் வாடையோ வினிகரோ வந்தால், புளிப்பு பீர் என்ற சாக்கில் விட்டுவிட வேண்டாம். நனைந்த அட்டை வாடை வந்தால் பீர் பழசு.

இனி கணக்கு. மில்லி அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.789ஆல் பெருக்கினால் ஆல்கஹால் கிராமில் கிடைக்கும். 355 மில்லி, 5% பீரில் 14 கிராம். அமெரிக்க அளவில் அது ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’. சதர்ன் டியர் என்ற அமெரிக்க மதுவடிப்பகத்தின் பம்ப்கிங் போன்ற 8.6% ஏலில் அதே 355 மில்லியில் 24 கிராம். 473 மில்லி டின்னில் 8% என்றால் ஏறத்தாழ 30. வாய்க்கு இனிப்புப் பண்டம்போல இருக்கும், உடம்பு அதை இரண்டு பீராகத்தான் எண்ணும். சராசரி 7% உள்ள எட்டு மாதிரிகளை 60 மில்லி வீதம் விழுங்கினால் 26 கிராம் தாண்டிவிடும். விழுங்கினால்தான் கசப்பு தெரியும் என்பது பழைய சாக்கு, கசப்பை நாக்கு முழுவதும் உணரும். துப்புகிண்ணம் வையுங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் சுவைக்கவே கூடாது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

லேபிளின் சின்ன எழுத்தையும் படியுங்கள். ‘மில்க்‌ஷேக்’, ‘ஸ்மூத்தி’, ‘பை’ என்ற பெயர்களோடு பெரும்பாலும் லாக்டோஸ் வரும், சிலவற்றில் கொட்டைப் பருப்பும் வரும். பால் சர்க்கரை சேராதவருக்கு அது வயிற்றுப் பிரச்சினை, பருப்பு ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. கிரேப்ஃப்ரூட் சாறு சேர்த்த பீர், சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பழக்கூழ் கலந்து, கிருமிநீக்கம் செய்யாமல் அடைத்த டின்களைக் கட்டாயம் குளிரில் வையுங்கள். உயிருள்ள ஈஸ்ட் உள்ளே இருந்தால், லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே பீரின் கொள்ளளவுக்குச் சமமான கரியமிலவாயு உண்டாகும். சாதாரண பீரில் இருப்பது சுமார் இரண்டரை மடங்கு. மிஞ்சிய சர்க்கரை 10 கிராம் என்றால் வாயு இருமடங்காகிவிடும். டின்னின் அடி உப்பியிருந்தால் திறக்க முயலாதீர்கள். தடித்த துணியில் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அப்புறப்படுத்துங்கள். கண்ணாடிப் பாட்டில் என்றால் இரட்டை எச்சரிக்கை.

எழுதும்போது, பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) நடுவர்களின் 50 மதிப்பெண் தாள் நல்ல துணை: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். ‘அருமையான பம்ப்கின் சுவை, நிச்சயம் வாங்கலாம்’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: ‘அடைத்த தேதி ஆகஸ்ட், சுவைத்தது அக்டோபர், 11 டிகிரி. மணத்தில் பட்டை முன்னால், ஜாதிக்காய் பின்னால், கிராம்பு மிகக் குறைவு. மூக்கைப் பிடித்தால் ரொட்டி மேலோடு, நடுத்தர இனிப்பு, முடிவில் போதிய கசப்பு இல்லை. சூடானபின் லேசான வெண்ணெய். பரங்கி தெரியவில்லை.’

தேதியை விடாமல் எழுதுங்கள். மசாலா மணம் சில மாதங்களில் தணிந்துவிடும். நவம்பர் முடிந்து தள்ளுபடியில் கிடைக்கும் பம்ப்கின் பீரும் ஆகஸ்டில் குடித்ததும் ஒரே பெயருள்ள இரண்டு பீர்கள். முடிந்தால் இரண்டு டின் வாங்கி, ஒன்றை இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி எழுதிப் பாருங்கள்.