ஆனைக் கற்றாழைக்கு மெஷின் போடாதீர்கள்

மழைக்கு முன்னால் தோட்டத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று களை வெட்டும் மெஷினை ஆனைக் கற்றாழையின் அடிமடலில் வைத்து ஓட்டுகிறார்கள். மறுநாள் காலையில் வேலையாள் முழங்கை வரைக்கும் சிவந்து கொப்பளித்துப் போய் நிற்கிறார். மதுரைப் பக்கம் புரட்டாசி வந்தால் இது வழக்கமாகிவிட்டது. இந்த முறை ஒரு வீட்டில் அந்தக் கொப்பளத்துக்கு மருந்து என்று அதே செடியின் மடலைக் கீறி அதே கையில் தேய்த்தும் விட்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியாது.

சோற்றுக் கற்றாழைக்கும் இதற்கும் எந்த ஒட்டும் கிடையாது. அது அரேபியப் பக்கத்துச் செடி, இது மெக்சிகோவிலிருந்து வந்தது, தாவரக் குடும்பமே வேறு. ஆனைக் கற்றாழை மடலை ஒடித்தால் உள்ளே சோறு இருக்காது, நார்தான் இருக்கும். அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கிடக்கிறது. தோலில் பட்டதும் அவை குத்தி இறங்குகின்றன, கூட இருக்கும் சபோனின் என்ற ரசாயனம் எரிச்சலைக் கூட்டுகிறது. "எனக்கு அலர்ஜியே கிடையாது சார்" என்பார்கள். ஊசி குத்துவதற்கு அலர்ஜி எதற்கு? "போன வருஷம் வெட்டினேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். போன வருஷம் அரிவாளால் இரண்டு மடல் வெட்டியிருப்பீர்கள். சுழலும் பிளேடு அதே சாற்றைத் தூறலாக்கி முகம், கழுத்து, கண் எல்லாவற்றிலும் அடிக்கும். "இயற்கைதானே" என்பவர்களுக்கு ஒரே பதில், எருக்கம்பாலும் இயற்கைதான். முகத்தில் பூசாதீர்கள், ஜூஸ் போடாதீர்கள், மாட்டுக்கும் வெட்டிப் போடாதீர்கள்.

சாறு பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள், உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுனிமுள் விரல் மூட்டிலோ முழங்காலிலோ ஏறி உள்ளே ஒடிந்திருந்தால் ஊக்கால் நோண்டுவது வேண்டாம். டாக்டர்தான் எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்தச் செடியை வெட்ட வேண்டிய நிலைமையே வரக்கூடாது. வருவதற்குக் காரணம் நட்ட இடம். நர்சரியில் ஒரு அடித் தொட்டியில் மஞ்சள் கரையோடு லட்சணமாக இருந்ததை வாங்கி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நடுகிறீர்கள். மடல் ஒவ்வொன்றும் நாலைந்து அடி நீளும், செடியின் அகலம் 6 முதல் 10 அடி வரை போகும். நடைபாதையிலிருந்து தண்டுக்கு 8 அடி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து 6 அடி விட இடமிருந்தால் வையுங்கள். மூன்று சென்ட் வீட்டில் இதற்கு இடமில்லை. ஆனைக் கற்றாழையும் அகேவ் இனம்தான், அதிலேயே முள்ளே இல்லாத அட்டெனுவாட்டா அகேவ் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நம்மூர்ச் சித்திரை வெயில் அதன் மடலைக் கருக்கிவிடும், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பாருங்கள்.

மண் விஷயத்தில் அழகர்கோவில் பக்கச் செம்மண்காரர்களுக்குப் பெரிய கவலை இல்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் செடி அடியோடு அழுகுகிறது. அங்கே குழி தோண்டாதீர்கள், மேடு போடுங்கள். ஒன்றரை அடி உயரம், ஐந்தடி அகலம். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கால் இன்ச் கருங்கல் சிப்ஸ். எம்சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணலை) மட்டும் கலந்தால் அதிலுள்ள தூள் இறுகித் தண்ணீரை நிறுத்திவிடும். தொழு உரம் அள்ளிக் கொட்ட வேண்டாம், மடல் சதை வைத்துத் தளர்ந்து தொங்கும். மடல்கள் சேரும் கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், இதைத்தான் பாதிப் பேர் புதைத்துவிடுகிறார்கள்.

தாய்ச்செடியிலிருந்து பிரித்த கன்று என்றால் வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் கிடக்கட்டும். நட்ட பிறகும் ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். முதல் கோடையில் 10 நாளுக்கு ஒருமுறை நன்றாக ஊற்றினால் போதும். வேர் பிடித்த செடிக்கு வெயில் உச்சத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் ஒன்றுமே வேண்டாம். புல்தரைக்கு நடுவே வைத்துவிட்டுப் புல்லுக்குத் தினமும் தெளிப்பவர்கள் இதை நடாமலே இருக்கலாம். அடி மெத்தென்று அமுங்கி நாற்றம் வந்து, நடுக்குருத்து இழுத்தால் கையோடு வந்துவிட்டதென்றால் அது முடிந்த செடி, மருந்து வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

அன்னாசிப்பழம் மாதிரி அழகாக இருக்கும் என்று பச்சை மடல்களை வருஷா வருஷம் கழிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். செடி சேர்த்து வைத்த தண்ணீரும் சத்தும் அந்த மடல்களில்தான் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த மடலை மட்டும் எடுங்கள். குழந்தைகள் ஓடுகிற இடமென்றால் நுனிமுள்ளைக் கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிடுங்கள், மடலுக்கு எதுவும் ஆகாது. பச்சை மடலை எடுத்தே தீர வேண்டும் என்றால் கை ரம்பம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. வேலையாளுக்கும் இதை வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

10 வருஷமோ 25 வருஷமோ கழித்து நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி 20 அடிக்கும் மேலே போகும். பூத்தால் அந்தச் செடி சாகும். தண்டை வெட்டிக் காப்பாற்றலாம் என்பது நடக்காது. மேலே மின்கம்பி போனால் தண்டு சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், உயர்ந்துவிட்டால் ஈபி ஆட்களைக் கூப்பிடுங்கள். செத்த செடியை உடனே தோண்டாமல் மடல்கள் காயச் சில மாதம் விடுங்கள், சாறு வற்றினால் எடை பாதியும் இருக்காது. அப்புறம் கடப்பாரை போட்டு நெம்பினால் கட்டை வந்துவிடும். சுற்றி முளைத்த கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒரு ஜாண் உயரத்துக்குள்ளேயே பிடுங்கிவிடுங்கள்.